அவர் மூச்சு விடாத இடம்

பேசிக்கொண்டே வருவார். பேச்சு பாதியில் நின்றுவிடும். இருபது முப்பது அடி தள்ளிப் போன பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடர்வார். "எங்க அண்ணன் நேத்து போன் பண்ணாரு, பையனுக்கு" என்று சொல்லி வாயை மூடினார் என்றால், பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, பூவரச மரத்தடிக்கு வந்த பிறகுதான் "பொண்ணு பாத்திருக்காங்களாம்" என்று வரும். நடுவில் நாம் என்ன கேட்டாலும் பதில் கிடையாது. முகத்தில் கோபமும் இருக்காது, சிரிப்பும் இருக்காது. கண் மட்டும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

முதல் தடவை நான் இரண்டடி தள்ளிப் போய்விட்டேன். காற்றுக் கருப்பு பிடித்தவரோ என்று நினைத்தேன். அப்புறம் பழகிவிட்டது. பழகியதுதான் தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

நான் அப்போது அடி அண்ணாமலையில், ஊர் முடிந்து வாயு லிங்கத்துக்குப் போகிற வழியில், கிரிவலப் பாதை ஓரமாகக் கற்பூரக் கடை போட்டிருந்தேன். நாலு கம்பு, மேலே ஒரு தார்ப்பாய், கீழே ஒரு பெஞ்சு. கற்பூரம், நெய் விளக்கு, ஊதுவத்தி, விபூதிப் பாக்கெட். பி.காம். படித்துவிட்டுக் கற்பூரம் விற்கிறாள் என்று புகுந்த வீட்டில் என்னைக் கேலி செய்யாத வாய் கிடையாது. என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டினார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் அள்ளும். மற்ற நாட்களில் ஈ ஓட்டவேண்டியதுதான்.

பாதிப் பேச்சில் வாயை மூடுகிற அவருக்கு ஐம்பது வயது இருக்கும். சென்னையில் இருக்கிற ஏதோ ஒரு கம்பெனிக்காக இங்கே காற்றை அளக்க வந்தவர். வேங்கிக்காலில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். தினமும் காலையில் டிபன் கேரியர் அளவில் ஒரு மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையைச் சுற்றி வருவார். நாலைந்து இடத்தில் அதை இறக்கி வைப்பார். அது ஒருமாதிரி சன்னமாக முனகிக்கொண்டே இருக்கும். முடிந்ததும் திறந்து, சின்ன இடுக்கியால் ஒரு வட்டமான பேப்பரை எடுத்து டப்பியில் போட்டு மூடுவார். வைக்கும்போது வெள்ளையாக இருந்த பேப்பர், எடுக்கும்போது வெள்ளையாக இருக்காது.

என் கடைக்கு எதிரே முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருந்தது. பழைய எல்லைக் கல்லாக இருக்கலாம். மெஷினை வைக்க வாகாக இருந்ததால் அதில்தான் வைப்பார். வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பார். கண்ணைப் பாதி மூடிக்கொள்வார். மார்பு ஏறாது, இறங்காது. சட்டைப் பொத்தான்கூட அசையாது. ஒரு நிமிஷம் ஆனதும் விறுவிறுவென்று தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, திரும்பவும் வந்து அதே மாதிரி நிற்பார்.

"இன்னா சார் பண்றீங்க, பிராணாயாமமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

மரத்தடிக்குப் போய் நின்ற பிறகு பதில் வந்தது. "இல்லம்மா. அந்த எடத்துல நான் மூச்சு விடறதில்ல."

"ஏன் சார்?"

"பேப்பர பாத்துட்டேன்."

"நாங்கல்லாம் அங்கதான உக்காந்துனு கீறோம்?"

அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. மரத்தடியில் மூச்சு விடலாம், பேசலாம். இருந்தும் சொல்லவில்லை.

கடைக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருந்தது. அன்னதானத் தட்டு, பேப்பர் கப், பிளாஸ்டிக் கவர், பழைய மாலை எல்லாவற்றையும் அதில் கொட்டிக் கொளுத்துவோம். நானும்தான். கடை திறந்ததும் பெருக்கித் தள்ளி ஒரு குச்சி கிழித்துப் போடுவது என் வேலை. நெருப்பு அணைந்தாலும் அடியில் நாள் முழுக்கக் கனன்றுகொண்டிருக்கும். புகை என்று பெரிதாக எதுவும் தெரியாது. அதைத்தான் அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். "கண்ணுக்குத் தெரியற புகை நல்ல புகைம்மா. கண்ணு எரியும், இருமல் வரும், நீங்களே எழுந்து போயிடுவீங்க. தெரியாத புகைகிட்டதான் நாம உக்காந்து சோறு துன்றோம்."

ஒரு தலைமுடியைக் குறுக்கே முப்பது பங்காக வகுந்தால் ஒரு பங்கு எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு சன்னமான தூளாம். மூக்கில் நிற்காது, தொண்டையில் நிற்காது. நேராக நெஞ்சின் அடிவரைக்கும் போய்விடும். அங்கேயும் நிற்காமல் ரத்தத்தில் கலக்கும். இதை என்னமோ சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல் சாவகாசமாகச் சொல்வார். "மாரடைப்புன்றாங்க, பக்கவாதம்ன்றாங்க. ஆளு நேத்து நல்லாதான இருந்தாருன்றாங்க. இது உள்ள போனத யாரு பாத்தாங்க?"

மூச்சை அடக்கினால் அப்புறம் சேர்த்து இழுக்கத்தானே வேண்டும், அதனால் என்ன லாபம் என்று என் வீட்டுக்காரர் மடக்கினார். "ஒன்னும் லாபம் இல்ல தம்பி, எனக்கே தெரியும்" என்றார். "ஆனா பேப்பர பாத்த பெறகு நெஞ்சு தானா நின்னுடுது. நான் நிறுத்தறதில்ல." அன்றைக்கு முழுவதும் என் வீட்டுக்காரர் ஆட்டோவில் ரேடியோ போடவில்லை.

தாடி வைத்திருந்தார். சலூனில் பவுடர் அடிப்பார்கள் என்று அந்தப் பக்கமே போவதில்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டிதான். எவ்வளவு படிகிறது என்று தெரியவேண்டுமாம். புழுதி கிளம்பக் கூடாது என்று காலை மெதுவாகத் தூக்கி மெதுவாக வைத்து நடப்பார். யோசித்துப் பாருங்கள். வெள்ளை உடுப்பு, தாடி, மெல்லிய நடை, பாதிப் பேச்சில் மௌனம், அசையாத மார்பு. வேறு ஊராக இருந்திருந்தால் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருப்பார்கள். இது திருவண்ணாமலை.

எங்கிருந்தோ வந்த ஒரு குடும்பம்தான் முதலில் நின்றது. அவர் கல் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், "இவரு மூச்சே விடலியே, கவனிச்சீங்களா?" என்றார்.

"அவரு அப்படித்தாங்க" என்றேன். பொய் சொல்லவில்லை.

"எல்லா எடத்துலயுமா?"

"இந்த எடத்துலதான் ஜாஸ்தி."

அந்த அம்மா கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். எதையும் அவர் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் கடை திறந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பத்தைச் சுற்றினேன். வியாபாரம் டல்லாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். சாயங்காலத்துக்குள் மூன்று பேர் அங்கே கற்பூரம் ஏற்றினார்கள். மூன்றும் என் கடைக் கற்பூரம். வாரம் திரும்புவதற்குள் கல்லைச் சுற்றிக் கரி படிந்துவிட்டது.

அவர் வந்து பார்த்தார். கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மெஷினைக் கீழே தரையில் வைத்தார். அன்றைக்கு அவர் எடுத்த பேப்பரை நான் எட்டிப் பார்க்கவில்லை. அவரும் காட்டவில்லை. பௌர்ணமிக் கூட்டம் அவரைச் சாமி என்று கூப்பிட ஆரம்பித்தது. கையைக் கூப்பி, "நான் சாமி இல்லீங்க" என்று சொல்வார். ஆனால் மரத்தடிக்குப் போய்த்தானே சொல்ல முடியும். அதற்குள் கும்பிட்டவர்கள் வாயு லிங்கம் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். மற்றவர்கள் மூச்சு அவருக்குக் காதில் விழும். டீக்கடையில் பின்னால் யார் வந்து நின்றாலும் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். பூக்கடைக்காரர் ஒருவர் வாட்டசாட்டமான ஆள், மூட்டையை ஒற்றைக் கையில் தூக்குவார். ஒருநாள் அவரிடம், "அண்ணே, மேல் மூச்சுதான் போவுது, கீழ எறங்கல. போய்க் காட்டுங்க" என்றார். பூக்கடைக்காரர் சிரித்தார். ஆறு மாதத்தில் அவருக்கு வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்து மூக்கில் குழாய் மாட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு பாதையோரத்துக் கடைக்காரர்கள் காற்றை அளக்கிறவர் வருகிறார் என்றால் பேச்சை நிறுத்திக்கொண்டு, மூச்சையும் கொஞ்சம் மெதுவாக விட்டார்கள்.

என்னிடமும் ஒருநாள் சொன்னார். "மூச்சு மாறிடுச்சிம்மா. கொஞ்சம் ஜாஸ்தியா இழுக்கறீங்க."

"சளி பிடிச்சிருக்கு சார்."

"சளி இல்ல" என்றார். அந்த வாரத்திலேயே டாக்டரம்மா நான் முழுகாமல் இருப்பதை உறுதி செய்தார். என் வீட்டுக்காரருக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்கு முந்தைய வருஷம் எனக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்திருந்தது. எதனால் என்று கேட்டதற்கு, எத்தனையோ காரணம் இருக்கும், இதுதான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. அதனால் இந்தத் தடவை நான் நடக்கும்போதே பயந்து பயந்து நடந்தேன். பப்பாளி சாப்பிடவில்லை. மாடி ஏறவில்லை. கிரகணத்தன்று வெளியே வரவில்லை. கடையை மட்டும் மூடவில்லை. உட்கார்ந்த வேலைதானே என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வளைகாப்புக்கு அழைக்க நானும் என் வீட்டுக்காரரும் வேங்கிக்காலில் அவர் அறைக்குப் போனோம். வெளிச்சமான அறைதான். ஜன்னல் இடுக்கில் எல்லாம் துணி திணித்திருந்தது. ஒரு சுவர் முழுக்க அந்த வட்டப் பேப்பர்களை ஒட்டி வைத்திருந்தார். மழையில் நனைந்தது, பேட்டரி பாதியில் நின்றது, இப்படிக் கம்பெனிக்கு ஆகாத பேப்பர்கள். தூக்கிப் போட மனசு வரவில்லையாம். "அளவு செல்லாது. ஆனா அந்த நாளும் ஜனங்க மூச்சு விட்டாங்கல்ல?" என்றார். சாம்பல் நிறம், பழுப்பு, காபி நிறம், கருப்பு. ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் தேதியும் இடமும் எழுதியிருந்தது.

என் வீட்டுக்காரர் சும்மா இருக்காமல், "இதுல எங்க கடை எது சார்?" என்று கேட்டார்.

அவர் மூலையில் ஒன்றைக் காட்டினார். தேடவேண்டிய அவசியமே இல்லை. மற்றதற்கு நடுவில் அது மட்டும் சுவரில் ஓட்டை போட்டமாதிரி இருந்தது.

"எத்தன மாசத்துது?" என்றேன்.

"ஒரு நாள்மா."

அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு மெல்ல, "ரத்தம் போற எடத்துக்கெல்லாம் இதுவும் போவும்மா. ரத்தம் இப்ப உங்களுக்கு மட்டும் போறதில்ல, உள்ள இருக்கிற" என்றவர் நிறுத்திக்கொண்டார். அந்த அறையில் புகை எதுவும் இல்லை. அந்தப் பேச்சை அவர் எங்கே போயும் முடிக்கவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் அழுதேன். "இந்த பௌர்ணமி முடியட்டும், கடைய எடுத்துடலாம்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் அது சரியாகப் பட்டது. ஒரே ஒரு பௌர்ணமி.

அன்றைக்கு வெயில் தாழும்போதே கூட்டம் நெருக்கியது. கல்லைச் சுற்றிப் பெரிய வட்டமாக ஜனம். சேதி எங்கெல்லாமோ பரவியிருந்தது. அவர் மெஷினோடு எதிர்ச் சாரியில் ஒதுங்கிப் போகப் பார்த்தார். யாரோ அடையாளம் கண்டு கையைப் பிடித்து அழைத்துவந்து கல்லுக்கு முன்னால் நிறுத்தினார்கள். மரியாதையாகத்தான் நிறுத்தினார்கள், தள்ளவில்லை, இழுக்கவில்லை. நாலு பக்கமும் கற்பூரத் தட்டு. அவருக்கு மார்பு நின்றுவிட்டது. ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டு சத்தமாக எண்ண ஆரம்பித்தார். ஜனங்கள் சேர்ந்து எண்ணினார்கள்.

அறுபது வரைக்கும் அவர் யாரையும் பார்க்கவில்லை. எழுபதில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். வழி விடச் சொல்லு என்று கேட்கிறார் என்பது எனக்கு நன்றாகவே புரிந்தது. அவர் வாயைத் திறக்க முடியாது, என்னால் முடியும். அவர் சாமி இல்லை, இந்தக் காற்றுக்குப் பயந்து நிற்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் கையில் பிரித்த கற்பூரப் பாக்கெட் இருந்தது. வாங்க ஏழெட்டுக் கைகள் நீண்டிருந்தன. "நீ கம்முனு இரு" என்று பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் நான் கம்மென்றுதான் இருந்திருப்பேன்.

தொண்ணூற்று இரண்டில் அவர் மூச்சை இழுத்தார். அதுவரை அந்த இடத்தில் நான் கேட்டிராத சத்தம். நீளமாக, அடிவரைக்கும் இறங்கி, முடிகிறமாதிரியே தெரியாத ஒரு இழுப்பு. கற்பூரச் சுடர்கள்கூட அவர் பக்கமாகச் சாய்ந்தன. கூட்டம் அரோகரா என்றது. அவர் இருமவில்லை. மெஷினை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, ஜனங்கள் விட்ட வழியில் நடந்து போனார். புழுதி கிளப்பாமல்தான் போனார்.

மறுநாள் வரவில்லை. வேங்கிக்கால் அறை பூட்டியிருந்தது. கம்பெனி வேலை முடிந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். ஏதோ ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். நான் தேடவில்லை. தேடிப் பார்த்திருக்கலாம்.

என் மகள் எட்டாம் மாதத்தில் பிறந்தாள். ஒரு உள்ளங்கையில் தலை, இன்னொன்றில் கால், அவ்வளவுதான். பிழைத்துக்கொண்டாள். நாங்கள் வேங்கிக்காலுக்கே குடி வந்துவிட்டோம். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குப் போகிறேன். மகளுக்கு நாலரை வயது ஆகிறது. பனிக்காலம் வந்தால் இளைப்பு. இன்ஹேலர் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. டாக்டரிடம் கற்பூரக் கடையைச் சொன்னேன். அதனாலும் இருக்கலாம் என்றார். அந்த 'லாம்' எனக்குப் போதவில்லை. யாராவது ஆமாம் நீதான் என்று சொல்லிவிட்டால் தேவலை என்று இருக்கிறது.

போன மாதப் பௌர்ணமிக்கு என் நாத்தனார் பிடிவாதமாக நின்றாள். கல்லுக்கு இப்போது தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். மூச்சடக்கிய சாமி என்று போர்டு இருக்கிறது. அங்கே நின்று வேண்டிக்கொண்டால் இளைப்பு போகிறதாம். "கொழந்தைக்காக வேண்டினு கீறேன் அண்ணி, நீ வந்துதான் ஆவணும்" என்றாள். எல்லாம் தெரிந்த நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கவேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் ஒரு ஓரத்தில் ஆசை இருந்தது. ஒருவேளை சாமியாகவே இருந்திருந்தால்?

சாயங்கால வெயிலில் போய் வரிசையில் நின்றோம். முன்னாலும் பின்னாலும் குழந்தைகளோடு தாய்மார்கள். பாதிப் பேர் கையில் இன்ஹேலர். கூரைக்கு அடியில் கற்பூரம் மலையாக எரிந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் இருந்த பெண் ஒரு பையனைத் தோளில் போட்டிருந்தாள். அவன் விலா எலும்பு உள்ளே போய் உள்ளே போய் வந்தது. அதைப் பார்த்ததும் என்னால் தாங்கமுடியவில்லை. அன்றைக்கு வராத குரல் வந்துவிட்டது.

"இங்க நிக்காதம்மா. புள்ளைய தூக்கினு போ. இங்க மூச்சு விடக் கூடாது. அவரே இங்க மூச்சு விடாமதான் நிப்பாரு. நான் பாத்திருக்கேன்."

அவள் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க நேர்ல பாத்தீங்களா?"

"தினமும் பாத்தேன். இந்தக் காத்து விஷம். பயந்துனுதான் மூச்ச அடக்கினாரு."

நான் சொன்னதில் எது அவள் காதில் ஏறியது என்று தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது. குனிந்து என் காலைத் தொட்டாள். பிறகு முன்னால் நின்றவளிடம், "சாமிய நேர்ல பாத்தவங்களாம். இங்க மூச்சு விடக் கூடாதாம்" என்றாள். அவள் அடுத்தவளிடம் சொன்னாள். நான் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, வரிசை நெடுக அது போய்க்கொண்டே இருந்தது.

ஒருவர்பின் ஒருவராகக் கையைக் கூப்பி, கண்ணை மூடி, மூச்சை அடக்கினார்கள். குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். என் நாத்தனாரும் அடக்கினாள். என் இடுப்பில் இருந்த மகள் விளையாட்டு என்று நினைத்துக் கன்னத்தை உப்பிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய வரிசையில் ஒரு சத்தம் இல்லை. கற்பூரம் எரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

நான் வரிசையை விட்டு வெளியே வர முண்டினேன். முன்னாலும் பின்னாலும் அசையாத உடம்புகள், ஒரு அடி எடுத்து வைக்க இடமில்லை. முந்தானையை இழுத்து மகளின் வாயை மூடப் போனேன். அதற்குள் எங்கேயோ ஒருவரால் அடக்க முடியாமல் போய், அடுத்தவராலும் முடியாமல் போய், வரிசை மொத்தமும் வாயைத் திறந்து மூச்சை உள்ளே இழுத்தது. என் மகளும் இழுத்தாள்.